கொடை அழைப்பிதழுக்கு முகவரி லேபிள் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை தாராவியில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் அம்மன் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, அழைப்பிதழ் அனுப்புகிறோம். மொத்தம் 412 தலைக்கட்டு, அதாவது கொடைக்கு வரி கொடுக்கும் குடும்பங்கள். பாதிப் பேர் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், பாண்டுப் பக்கம். மற்றவர்கள் கல்யாண், டோம்பிவிலி, அப்புறம் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து ஊர்கள், சென்னை. கவர் மேல் ஒட்டும் முகவரி லேபிளைக் கம்ப்யூட்டரில் தயார் செய்து அடிக்கிற வேலை பல வருஷமாக என்னிடம் இருக்கிறது. உதவிக்கு வரும் பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். கல்யாணப் பத்திரிகையோ புதுமனை அழைப்போ, எதற்கும் இதே முறைதான்.

கையாலேயே எழுதிவிடலாமே அண்ணாச்சி, எதற்குக் கம்ப்யூட்டர்?

ஐம்பது கவர் வரைக்கும் கையால்தான் எழுத வேண்டும் என்பேன். தெரிந்தவர் கையெழுத்தில் தன் பெயரைப் பார்ப்பது ஒரு சந்தோஷம். ஆனால் 412 கவர் என்பது வேறு விஷயம். இருநூறைத் தாண்டும்போது கை ஓய்ந்து 1 என்பது 7 மாதிரி விழும். மும்பையில் அது சின்னப் பிழை இல்லை. தாராவியின் பின்கோடு 400017, செம்பூருக்கு 400071. கடைசி இரண்டு எண் இடம் மாறினால் கவர் வேறு பேட்டைக்குப் போய்விடும். பட்டியலை ஒரு தடவை ஒழுங்காகத் தட்டச்சு செய்து சரிபார்த்துவிட்டால் அடுத்த வருஷமும் அதே பட்டியல் உதவும். மாறியவர்களை மட்டும் திருத்தினால் போதும்.

எந்த லேபிள் தாள் வாங்க வேண்டும்?

ஏ4 அளவுத் தாள். அதாவது 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் உயரம். ஒரு தாளில் எத்தனை ஸ்டிக்கர் என்பதை வைத்துத்தான் கடையில் கேட்பார்கள்: 24, 21, 14 என்று.

24 என்றால் மூன்று நெடுவரிசை, எட்டு வரிசை. ஒவ்வொன்றும் சுமார் 64 க்கு 34 மில்லிமீட்டர். 21 என்றால் மூன்றுக்கு ஏழு, 63.5 க்கு 38.1. 14 என்றால் இரண்டுக்கு ஏழு, 99.1 க்கு 38.1.

எல்லோரும் முதலில் 24 ஐத்தான் எடுப்பார்கள், தாள் மிச்சம் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 412 பேருக்கு 24 லேபிள் தாளில் 18 தாள் வேண்டும். 21 லேபிள் தாளில் 20 தாள். வித்தியாசம் இரண்டே தாள். அந்த இரண்டு தாளுக்கு ஒவ்வொரு லேபிளிலும் 4 மில்லிமீட்டர் உயரம் கூடுதலாகக் கிடைக்கிறது, ஒரு வரி முகவரிக்கு இடம். மும்பை முகவரிக்கு அந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும். ரூம் நம்பர், சால் (வரிசை வீட்டுக் கட்டடம்) பெயர், கம்பவுண்டு, ரோடு, அடையாளம், கிழக்கா மேற்கா, பின்கோடு என்று நீண்டுகொண்டே போகும். ஆகவே எங்கள் சங்கத்தில் 21 தான். சொசைட்டி பெயர் நீளமாக இருக்கிற பட்டியல் என்றால் 14 இன்னும் நல்லது.

கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெருவில் ஸ்டேஷனரிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பாக்கெட்டின் மேல் லேசர் பிரிண்டருக்கா, இங்க்ஜெட்டுக்கா, இரண்டுக்குமா என்று போட்டிருக்கும். வாசித்துவிட்டு வாங்குங்கள். லேசர் பிரிண்டர் உள்ளே மையைச் சூட்டில் உருக்கி ஒட்டுகிறது. அந்தச் சூட்டைத் தாங்காத தாளைப் போட்டால் பசை இளகி ஸ்டிக்கர் உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

வேர்டில் லேபிள் எங்கே இருக்கிறது? என் தாளின் நம்பர் அந்தப் பட்டியலில் இல்லையே?

மெயிலிங்ஸ் என்ற தலைப்பில் லேபிள்ஸ், அதற்குள் ஆப்ஷன்ஸ். கம்பெனி பெயர்களும் தாள் நம்பர்களும் வரிசையாக வரும். நம்மூர்க் கடையில் வாங்கும் தாளின் நம்பர் பெரும்பாலும் அதில் இருக்காது. ஏறக்குறைய ஒத்துவருகிறதே என்று வேறொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் பாதி அமெரிக்க லெட்டர் தாளுக்கானது. அது 215.9 க்கு 279.4 மில்லிமீட்டர், நம் ஏ4 ஐவிட அகலம் கூட, உயரம் குறைவு. நியூ லேபிள் என்பதை அழுத்தி நம் அளவை நாமே கொடுப்பதுதான் சரி. ஒரே ஒரு தடவை செய்து பெயர் வைத்துச் சேமித்துவிட்டால் அதன்பின் அந்தப் பட்டியலிலேயே வரும்.

என்னென்ன அளவு கொடுக்க வேண்டும்? பிட்ச் என்று கேட்கிறதே, அது என்ன?

இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். மற்ற எல்லாத் தொல்லையும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மேல் ஓரம் என்பது தாளின் மேல் விளிம்பிலிருந்து முதல் ஸ்டிக்கரின் மேல் விளிம்பு வரை. இடது ஓரமும் அதே மாதிரி. உயரம், அகலம் என்பவை ஒரு ஸ்டிக்கரின் அளவு. பிட்ச் என்பது ஒரு ஸ்டிக்கரின் தொடக்கத்திலிருந்து அடுத்த ஸ்டிக்கரின் தொடக்கம் வரை. இடைவெளியை மட்டும் பிட்ச் என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை, ஸ்டிக்கரும் இடைவெளியும் சேர்ந்ததுதான் பிட்ச்.

21 லேபிள் தாளை எடுத்துக்கொள்வோம். அகலம் 63.5, பக்கத்துப் பக்கத்தில் இடைவெளி 2.5, ஆக கிடைமட்டப் பிட்ச் 66. மேலிருந்து கீழாக இடைவெளியே கிடையாது, ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். அதனால் செங்குத்துப் பிட்ச் 38.1, உயரமும் 38.1. இனி ஓரம். மூன்று ஸ்டிக்கர் 190.5, இரண்டு இடைவெளி 5, மொத்தம் 195.5. தாள் 210. மீதி 14.5 ஐ இரண்டாகப் பிரித்தால் இடது ஓரம் 7.25. அதேபோல் ஏழு வரிசை 266.7, தாள் 297, மீதி 30.3, மேல் ஓரம் 15.15. கூட்டிப் பார்த்துத் தாள் அளவு வருகிறதா என்று சரிபார்த்த பிறகே ஓகே கொடுங்கள்.

பாக்கெட்டில் அளவு போடாத தாளும் உண்டு. அப்போது ஸ்கேலை எடுங்கள். ஆனால் ஒரு ஸ்டிக்கரை மட்டும் அளக்காதீர்கள். ஏழு வரிசையையும் சேர்த்து முதல் வரிசையின் தலையிலிருந்து கடைசி வரிசையின் அடிவரை அளந்து ஏழால் வகுங்கள். ஒரு ஸ்டிக்கரை அளக்கும்போது கண் அரை மில்லிமீட்டர் தவறினால் ஏழாவது வரிசைக்குப் போகும்போது அது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும். மேலே அழகாக உட்கார்ந்து கீழே போகப் போக இறங்குகிற லேபிள் எல்லாம் இப்படி வந்ததுதான்.

பெட்டி சென்டிமீட்டரிலோ அங்குலத்திலோ காட்டினாலும் எண்ணுக்குப் பின்னால் எம்எம் என்று ஆங்கிலத்தில் தட்டினால் வேர்டு தானே மாற்றிக்கொள்ளும்.

வேர்டு இல்லை, லிப்ரே ஆபிஸ்தான் இருக்கிறது. முடியுமா?

தாராளமாக முடியும், காசும் இல்லை. ஃபைல், நியூ, லேபிள்ஸ் என்று போங்கள். ஃபார்மேட் என்ற தாவலில் மேலே சொன்ன அதே அளவுகளைக் கேட்கும். ஆப்ஷன்ஸ் தாவலில் சிங்க்ரனைஸ் கன்டென்ட்ஸ் என்பதை டிக் செய்ய மறக்க வேண்டாம். செய்தால்தான் முதல் லேபிளில் எழுத்தின் அளவை மாற்றிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் மற்ற எல்லாம் அதைப் பார்த்து மாறும். முகவரிப் பட்டியலை முன்கூட்டியே டேட்டா சோர்ஸாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வேர்டிலிருந்து வருபவர்களுக்கு அந்த ஒரு படிதான் புதிதாக இருக்கும்.

பட்டியலை எப்படிப் போட வேண்டும்?

எக்செலில் ஒரு தலைக்கட்டுக்கு ஒரு வரிசை. முதல் வரிசையில் தலைப்புகள். எங்கள் பட்டியலில் இருப்பவை: வரிசை எண், மரியாதைச் சொல், பெயர், வீடு, தெரு, பகுதி, ஊர், பின்கோடு, குறிப்பு. முகவரி முழுவதையும் ஒரே கட்டத்தில் திணிக்காதீர்கள். பின்கோடு தனியாக இருந்தால்தான் பின்னால் வரிசைப்படுத்த முடியும்.

பின்கோடு கட்டங்களைத் தட்டச்சு தொடங்கும் முன்பே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். ஒருவர் 400017 என்று எண்ணாகப் போடுவார், இன்னொருவர் நடுவில் இடம் விட்டு 400 017 என்று போடுவார். கலந்து கிடந்தால், பட்டியலை லேபிளோடு சேர்க்கும்போது (மெர்ஜ் என்பது அதுதான்) வேர்டு முதல் சில வரிசைகளைப் பார்த்து இது எண் என்று முடிவு கட்டிக்கொண்டு, இடம் விட்டு எழுதியதைப் பூஜ்யமாகவோ வெற்றாகவோ காட்டிவிடும். டேட்டா வேலிடேஷனில் ஆறு எழுத்து நீளம் என்று விதி வைத்தால் ஐந்து எண்ணோ ஏழு எண்ணோ தட்டும்போதே தடுத்துவிடும்.

தகப்பனும் மகனும் தனித்தனியாக வரி கட்டினால் ஒரே வீட்டில் இருந்தாலும் இரண்டு தலைக்கட்டு, இரண்டு கவர். முகவரி ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றை நீக்கிவிடக் கூடாது. கம்ப்யூட்டரின் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் வசதிக்கு இதெல்லாம் தெரியாது. பட்டியலைப் பிரிண்ட் எடுத்து ஊர்ப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். யார் தனிக்குடித்தனம் போனார், யார் மகளோடு டோம்பிவிலிக்குப் போய்விட்டார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பட்டியலையும் லேபிளையும் சேர்ப்பது எப்படி?

மெயிலிங்ஸில் ஸ்டார்ட் மெயில் மெர்ஜ், அதில் லேபிள்ஸ். சேமித்து வைத்த நம் தாளைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் செலக்ட் ரெசிப்பியன்ட்ஸ் வழியாக எக்செல் ஃபைலைக் காட்டுங்கள். முதல் கட்டத்தில் மட்டும் இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்டு மூலம் பெயர், வீடு, தெரு என்று ஒவ்வொன்றாக வையுங்கள். எழுத்துரு, அளவு, வரி இடைவெளி எல்லாம் அந்த முதல் கட்டத்திலேயே முடித்துவிட்டு அப்டேட் லேபிள்ஸ் அழுத்துங்கள். பிறகு எதை மாற்றினாலும் மறுபடி அதை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் முதல் லேபிள் ஒரு மாதிரியும் மற்றவை வேறு மாதிரியும் நிற்கும்.

இரண்டாவது கட்டத்திலிருந்து நெக்ஸ்ட் ரெக்கார்டு என்று ஒரு குறி தெரியும். அது இடைஞ்சல் என்று அழித்துவிடுகிறார்கள். அழித்தால் அந்த லேபிளில் முந்தைய ஆளே திரும்ப வருவார்.

கடைசியில் ஃபினிஷ் அண்ட் மெர்ஜ். நேராகப் பிரிண்டுக்கு அனுப்பாமல் எடிட் இண்டிவிஜுவல் டாக்குமெண்ட்ஸ் கொடுங்கள். இருபது பக்கமும் திரையில் வரும், கண்ணால் ஓட்டிப் பார்த்துத் திருத்தலாம்.

தெருப்பெயர் இல்லாதவர்களுக்கு வெற்று வரி விழுமோ என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ஃபீல்டும் என்டர் தட்டித் தனி வரியில் இருந்தால் காலியானதை வேர்டு தானே விழுங்கிவிடும். ஷிஃப்ட் என்டர் போட்டிருந்தால் விழுங்காது.

திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது. சிலருக்கு மட்டும் கடைசி வரி காணோமே?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

வேர்டு லேபிள் என்பது உள்ளுக்குள் ஓர் அட்டவணை. அதன் வரிசை உயரம் துல்லியமாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். ஸ்டிக்கருக்கு வெளியே போகக் கூடாது அல்லவா. ஆறு வரி முகவரிக்கு ஐந்து வரி இடம்தான் இருந்தால், ஆறாவது வரி அப்படியே மறைந்துவிடும். எச்சரிக்கை வராது, சிவப்புக் கோடு வராது. நாம் முகவரி எழுதும் வழக்கப்படி ஆறாவது வரியில் இருப்பது எது? ஊரும் பின்கோடும்.

ஒரு வருஷம் 24 லேபிள் தாளில் நான் அடித்தபோது இதைக் கவனிக்கவில்லை. கொடைக்கு ஒரு வாரம் முன்னால் 31 கவர் திரும்பி வந்தது. அதில் ஒன்று கல்யாணில் இருக்கும் ஒரு பாட்டிக்குப் போக வேண்டியது. வருஷா வருஷம் முதல் ஆளாக வரி கொடுத்து அனுப்புகிறவர். லேபிளைப் பார்த்தேன். பெயர் இருக்கிறது, சால் இருக்கிறது, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்று இருக்கிறது, எந்த ஊர் ஸ்டேஷன் என்பது இல்லை. அன்று மாலையே ரயிலேறிக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இந்த வருஷம் என்னை விட்டுட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றார். பெயர் வெட்டிவிட்டார்களோ என்று ஒரு வாரமாக அந்த வீட்டில் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன்.

ஒன்று, எக்செலில் பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து லென் ஃபார்முலாவால் முகவரியின் நீளத்தை எண்ண வைப்பேன். அதன்படி வரிசைப்படுத்தினால் மிக நீளமான பத்து முகவரிகள் மேலே வரும். முதலில் அந்தப் பத்தை மட்டும் மெர்ஜ் செய்து பார்ப்பேன். அவை அடங்கினால் மற்றவையும் அடங்கும். வரி எண்ணிக்கை அதிகமான சிலவற்றையும் கூடவே பாருங்கள்.

இரண்டாவது, ஊரையும் பின்கோட்டையும் ஒரே வரியில் தடித்த எழுத்தில் வைப்பேன். அந்த வரி விடுபட்டிருந்தால் உடனே கண்ணில் படும்.

தமிழ் எழுத்தின் தலை வெட்டுப்படுகிறது. கீ, மீ எல்லாம் மொட்டையாக வருகிறது.

வரி இடைவெளியை நெருக்கியிருப்பீர்கள். ஆங்கில எழுத்தை 10 புள்ளியில் (எழுத்தளவுக்கான பாயிண்ட்) வைத்து 11 புள்ளி இடைவெளி என்று பூட்டினாலும் தப்பித்துவிடும். தமிழில் மேலே விலங்கும் சுழியும் போகிறது, கீழே கூ, மூ என்று வால் இறங்குகிறது. கணக்கு இப்படி: 38.1 மில்லிமீட்டர் என்பது 108 புள்ளி. மேலும் கீழும் 2 மில்லிமீட்டர் விட்டால் மிஞ்சுவது சுமார் 96 புள்ளி. ஆறு வரிக்கு ஆளுக்கு 16 புள்ளி. 10 புள்ளித் தமிழ் எழுத்துக்கு அது தாராளம். 34 மில்லிமீட்டர் தாளில் அதே கணக்கு வரிக்கு 14 புள்ளிதான் தரும். அங்கே எழுத்தை 9 ஆக்க வேண்டியிருக்கும். ஒன்பதுக்குக் கீழே போகாதீர்கள், வயதானவர்கள் வாசிக்க வேண்டாமா.

எழுத்தின் அளவை மாற்றுகிறேன், ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அசையவில்லை.

தமிழை இந்த மென்பொருள்கள் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று தனி வகையில் வைத்திருக்கின்றன. வேர்டில் ஃபான்ட் பெட்டியைத் திறந்தால் அதற்கென்று தனி எழுத்துருவும் தனி அளவும் இருக்கும். லிப்ரே ஆபிஸில் சிடிஎல் என்று போட்டிருக்கும். அங்கே மாற்றுங்கள். விண்டோஸில் நிர்மலா யுஐ, லதா இரண்டும் லேபிளுக்குப் போதுமானவை. அலங்கார எழுத்துருவைக் கொடை அட்டையில் வைத்துக்கொள்ளலாம், முகவரியில் வேண்டாம்.

பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிடக்கிறது.

யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்ததாக இருக்கும். அவற்றில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. எழுத்துரு மாறினால் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு ஒரே தடவையாக மாற்றிவிடுங்கள், திரும்ப அடிக்க வேண்டியதில்லை.

மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் வாசியுங்கள். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ர வந்திருக்கும், ஔகாரக் குறியின் இடத்தில் ள வந்திருக்கும். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடும்போது அந்தப் பெயர் கிடைக்காது, அப்போதுதான் தெரியும்.

இன்னொரு வகை உண்டு. யூனிகோடில் நன்றாக இருந்த சிஎஸ்வி ஃபைலை எக்செலில் இரண்டு தடவை கிளிக் செய்து திறந்தால் அலங்கோலமாக வரும். பதறிப்போய்ச் சேமித்துவிடாதீர்கள். மூடிவிட்டு, டேட்டா தலைப்பில் டெக்ஸ்ட் சிஎஸ்வி வழியாக யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள்.

முகவரி தமிழில் அடிக்கலாமா, ஆங்கிலத்திலா?

பெயர் தமிழில், மற்றது ஆங்கிலத்தில். இதுதான் எங்கள் வழக்கம். மும்பையில் தபால் பிரிப்பவர் மராத்தி, இந்தி, ஆங்கிலம் வாசிப்பார். தமிழ் தெரிந்தவர் இருந்தால் அது நம் அதிர்ஷ்டம். திருநெல்வேலிக்குப் போகும் கவரும் இங்கேதான் முதலில் பிரிக்கப்படுகிறது. ஆகவே ஊர், மாநிலம், பின்கோடு எல்லாவற்றிலும் ஆங்கிலம் இருக்கட்டும். பெயரைத் தமிழில் பெரிதாகப் போட்டு, கீழே ஆங்கிலத்திலும் ஒரு தடவை போட்டுவிடுங்கள். கிராமத்துக்குப் போகும் கவரில் தெரு வரியையும் தமிழில் சேர்க்கலாம், அங்கே கொடுக்கப் போகிற தபால்காரருக்கு அது சுலபம்.

கிழக்கு, மேற்கு என்பதை விட்டுவிடாதீர்கள். இங்கே ரயில் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு உலகம்.

பின்கோடு இருந்தால் போதாதா, மற்றதெல்லாம் எதற்கு?

பின்கோடு தபால் அலுவலகம் வரைக்கும்தான் கொண்டுபோகும். 1972 ஆகஸ்ட் 15 இல் கொண்டுவந்த ஆறு எண் முறை அது. முதல் எண் மண்டலம்: மகாராஷ்டிரம், கோவா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் எல்லாம் 4, தமிழ்நாடும் கேரளமும் 6. முதல் மூன்று எண் பிரிக்கும் மாவட்டம்: மும்பை 400, திருநெல்வேலி 627, தூத்துக்குடி 628. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அலுவலகம். அங்கிருந்து வீட்டுக் கதவு வரை மற்ற வரிகள்தான் வழி காட்ட வேண்டும்.

மெர்ஜ் செய்யும் முன் பட்டியலைப் பின்கோடு வரிசையில் அடுக்கிவிடுங்கள். லேபிள் அதே வரிசையில் வரும், ஒட்டிய கவரைக் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுக்கலாம். 400017 மட்டும் எங்களுக்கு ஒரு பெரிய கட்டு. அதைப் பிள்ளைகள் நடந்தே கொடுத்துவிடுவார்கள், தபால் செலவு மிச்சம்.

பிரிண்ட் எடுத்தால் எழுத்து ஸ்டிக்கருக்கு வெளியே போகிறது.

அளவெல்லாம் சரியாகக் கொடுத்தும் போகிறது என்றால் பெரும்பாலும் பிரிண்ட் பெட்டியில் ஃபிட் டு பேஜ் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஆக்சுவல் சைஸ் அல்லது 100 சதவீதம் என்று வையுங்கள். மூன்று சதவீதம் சுருங்கினாலே 267 மில்லிமீட்டர் உயரத்தில் 8 மில்லிமீட்டர் போய்விடும். அடுத்ததாகத் தாள் அளவு ஏ4 தானா, லெட்டர் என்று நிற்கிறதா என்று பாருங்கள். வேர்டில் ஒன்றும் பிரிண்டரில் ஒன்றுமாக இருப்பது சகஜம்.

எல்லாமே ஒரே அளவு விலகியிருந்தால், உதாரணமாக இருபத்தொன்றும் 2 மில்லிமீட்டர் கீழே இருந்தால், அது பிரிண்டர் தாளை இழுக்கும் விதம். மேல் ஓரத்தை 2 குறைத்தால் தீர்ந்தது.

லேபிள் தாளில் அடிக்கும் முன் வெறும் வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் அடியுங்கள். அதை லேபிள் தாளின் மேல் விளிம்போடு விளிம்பாக வைத்து இரண்டையும் சேர்த்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடியுங்கள். ஸ்டிக்கரின் கோடுகள் நிழலாகத் தெரியும், எழுத்து அவற்றுக்கு உள்ளே நிற்கிறதா என்று நான்கு மூலையிலும் பாருங்கள். நடுவில் பார்த்தால் எப்போதும் சரியாகத்தான் இருக்கும், மூலைகள்தான் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் பிரிண்டர் இல்லை. ஜெராக்ஸ் கடையில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் வேர்டு ஃபைலாகக் கொடுக்காதீர்கள். கடைக் கம்ப்யூட்டரில் நம் எழுத்துரு இருக்காது, வரிகள் உடையும். பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவில் கொண்டுபோங்கள், எழுத்துரு கூடவே வரும். ஃபிட் வேண்டாம், ஆக்சுவல் சைஸ் என்று கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் பக்கத்தைச் சாதாரணத் தாளில் எடுத்து அங்கேயே பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.

மழையில் மை கலைந்துவிடுமா?

ஆடிக் கொடை என்றால் கவர் கிளம்புவது மும்பை மழையின் நடுவில். இங்க்ஜெட்டில் பல பிரிண்டர்களின் மை ஈரம் பட்டால் பரவும், ஒரு சொட்டு போதும் பின்கோட்டை அழிக்க. லேசர் பிரிண்ட் தண்ணீருக்கு அசையாது. இங்க்ஜெட் தவிர வழியில்லை என்றால் அடித்த தாளை நன்றாகக் காயவிட்டு, முகவரி மேல் ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டுங்கள். வாங்கிய தாளையும் பாக்கெட்டை மூடி அலமாரியில் படுக்கையாக வையுங்கள். ஈரக் காற்றில் சுருண்ட தாள் பிரிண்டரில் சிக்கும்.

பாதி ஸ்டிக்கர் உரித்த தாளை மறுபடி பிரிண்டரில் விடலாமா?

வேண்டாம். உரித்த இடத்தின் ஓரத்தில் பசை இருக்கும், லேசரில் பக்கத்து ஸ்டிக்கர் கிளம்பி உள்ளே ஒட்டிக்கொள்ளும். மீதியைக் கையால் எழுதப் பயன்படுத்துங்கள். கடைசி நேரத்தில் விடுபட்டவர்கள் எப்படியும் நாலைந்து பேர் இருப்பார்கள்.

போன் நம்பர் போட வேண்டுமா?

கூரியரில் போனால் போடுங்கள், அவர்கள் கேட்பார்கள். சாதாரணத் தபாலுக்கு வேண்டாம். 412 வீட்டின் நம்பரை ஊர் முழுக்கத் தெரியும்படி எழுதி அனுப்ப நமக்கு உரிமை இல்லை.

தலைக்கட்டுக்காரர் தவறிவிட்டால் யார் பெயரில் அடிப்பது?

அந்த வீட்டில் கேட்டுத்தான். நாமாக எதையும் முடிவு செய்யக் கூடாது. சில வீட்டில் அம்மாவின் பெயருக்கு மாற்றச் சொல்வார்கள், சில வீட்டில் மூத்த மகன் பெயருக்கு. இறந்தவர் பெயரிலேயே கவர் போய் விழுந்தால் அந்த வீட்டில் அன்று சாப்பாடு இறங்காது. அதனால் ஒவ்வொரு வருஷமும் அடிக்கும் முன் குறிப்பு நெடுவரிசையைத் திறந்து அந்த வருஷத்துத் துஷ்டி வீடுகளை முதலில் திருத்திவிடுகிறேன்.

பெயரை அவரவர் எழுதுகிற மாதிரியே எழுதுங்கள். இனிஷியல் முன்னால் என்றால் முன்னால். இங்கே ஆபீஸ்களில் அப்பா பெயரை நடுவிலும் குடும்பப் பெயரைக் கடைசியிலும் போட்டுப் பழகியவர்கள் உண்டு, ஊரில் அதே ஆளை வேறு பெயரில் கூப்பிடுவார்கள். கவரில் போவது அவர் வரி ரசீதில் இருக்கிற பெயர்.

அடுத்த வருஷத்துக்கு எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

மூன்று ஃபைல்: எக்செல் பட்டியல், அளவு கொடுத்த லேபிள் ஃபைல், கடைசியாக அடித்த பிடிஎஃப். வருஷத்தைப் பெயரில் சேர்த்து ஒரு பென் டிரைவிலும், சங்கச் செயலாளரின் மெயிலிலும். காலி லேபிள் பாக்கெட்டின் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள், தாள் நம்பர் அதில்தான் இருக்கிறது. திரும்பி வந்த கவர்களை ரப்பர் பேண்ட் போட்டு அட்டையோடு வையுங்கள், ஆடிக்கு இரண்டு மாதம் முன்னால் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் போட வேண்டும்.